புஷ் வீட்டம்மா கதை

ஜார்ஜ் புஷ்ஷைத் திட்டுவது ஒரு காலத்தில் எங்கள் மத்தியில் படித்தவர்களுக்கான குறைந்தபட்சத் தகுதி. 2003 மார்ச்சில் ஈராக் மேல் குண்டு விழுந்தபோது நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கண்டன ஊர்வலத்தில் தட்டி பிடித்து வெயிலில் நின்றிருக்கிறேன். தட்டி எழுதிக் கொடுத்த பெயிண்டர் ‘புஷ்’ என்பதை ‘புஸ்’ என்று எழுதிவிட்டார். ஏகாதிபத்தியம் புஸ்ஸென்று போகப்போவதற்கு நல்ல சகுனம் என்று ஒரு தோழி தேற்றினாள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷம் கழித்து அதே புஷ்ஷின் அரசாங்கம் என் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கொடுக்க, கல்யாணமான கையோடு மில்வாக்கியில் போய் இறங்கினேன். விசா அதிகாரி என் கொள்கை கோட்பாடு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாண ஆல்பம் கொண்டுவந்திருக்கிறாயா என்றுதான் கேட்டார்.

எச்-4 விசா. வீட்டுக்காரருக்கு எச்-1பி, அவர் வேலைக்குப் போகலாம், நாம் போகக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. வங்கிக் கணக்கில் அவர் பெயருக்குப் பின்னால் என் பெயர். மின்சார பில்லில் அதுவும் இல்லை. பொங்கல் விழாவுக்குப் போனால், “நீங்க எந்த கம்பெனிங்க?” என்று மற்ற பெண்கள் கேட்பார்கள். வீட்டுக்காரரின் கம்பெனியைச் சொல்ல வேண்டும். பிறகு, நிரந்தர வேலையா கான்ட்ராக்டா, கிரீன் கார்டு போட்டாச்சா, அதற்கான ஐ-140 வந்தாச்சா என்று விசாரணை நகரும். பதிலைப் பொறுத்து நமக்கு மரியாதை. நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அப்படியா, நல்லது, சார் எந்த டீம்?” என்றார் ஓர் அம்மா.

என் பெயர் மட்டும் தனியாக அச்சாகி வந்த முதல் அட்டை நூலக அட்டை. பக்கத்து நூலகத்தில் மாதம் ஒருமுறை புத்தகக் கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணிகள். விஸ்கான்சின் ஆயிற்றே, சீஸ் இல்லாமல் கூட்டம் தொடங்காது. கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் பெயரை முழுசாகச் சொல்ல அவர் எடுத்த பிரயத்தனத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, முதல் மூன்று எழுத்து போதும் என்று நானே சொல்லிவிட்டேன். 2009 ஜனவரிக் கூட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த புத்தகம், கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் எழுதிய ‘அமெரிக்கன் ஒய்ஃப்’. முந்தைய செப்டம்பரில்தான் வெளிவந்திருந்தது. அந்த மாதம்தான் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து, எச்-1பி வீடுகளில் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றுபோயிருந்தது.

நாவலின் நாயகி ஆலிஸ். அவள் கணவன் அமெரிக்க ஜனாதிபதி. அவள் லாரா புஷ்ஷை வைத்து எழுதப்பட்டவள் என்பது அட்டையைத் திறப்பதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

“புஷ் பொண்டாட்டி கதையா? அதுக்கு 550 பக்கமா? எட்டு வருஷம் அந்தாளு படுத்தினது போதாதா?” என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அதே எண்ணம்தான். இன்னும் சொல்லப்போனால், அவர் மேல் இருந்ததைவிட அந்த அம்மாள் மேல் எனக்கு எரிச்சல் அதிகம். புஷ் புத்தகம் படிக்காதவர் என்று கேலி பேசலாம். லாரா அப்படியல்ல. ஆசிரியையாக வேலை பார்த்து, நூலகவியலில் முதுகலை முடித்து, பள்ளி நூலகராக இருந்தவர். தஸ்தயேவ்ஸ்கியைப் பிடித்த எழுத்தாளராகச் சொல்பவர். படித்தவர் பக்கத்தில் இருந்தும் இப்படியா என்பதுதான் ஆத்திரம். 2001 நவம்பரில், ஜனாதிபதியின் வாராந்திர வானொலி உரையை முதன்முறையாக ஒரு ஜனாதிபதியின் மனைவி முழுசாக நிகழ்த்தினார், அது லாரா. தாலிபான் ஆட்சியில் ஆப்கன் பெண்கள் படும் பாடு பற்றிப் பேசினார். பேசியது அத்தனையும் உண்மை. குண்டு போடுவதற்கு அந்த உண்மை தோதாக இருந்தது என்பதுதான் தொண்டையில் சிக்கியது. 2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் விட்மன், எமிலி டிக்கின்சன், லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகியோரைப் பற்றி ஒரு கவிதை அரங்கு நடத்த அழைப்பு அனுப்பினார். சாம் ஹாமில் என்ற கவிஞர் வர மறுத்து, போருக்கு எதிராகக் கவிதை அனுப்புங்கள் என்று சக கவிஞர்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கில் குவிந்தன. அரங்கு ரத்தானது. கவிதையில் அரசியல் கலக்கக் கூடாதாம்! விட்மனைப் பற்றிப் பேசக் கூட்டிய கூட்டம் அது.

இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். போதாக்குறைக்கு, நாவலாசிரியை புஷ்ஷை அடியோடு பிடிக்காதவராக இருந்தும் லாராவின் ரசிகையாம். 2004-லேயே அதைச் சொல்லி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாராம். ரசிகை எழுதும் நாவல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ரசிகர்கள் எழுதிய தலைவர் வரலாறுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். கோடிட்டுக் குறை சொல்ல வசதியாகப் பென்சிலோடு உட்கார்ந்தேன். நூலகப் புத்தகம் என்பது ஞாபகம் வந்து பென்சிலைக் கீழே வைத்தேன்.

நாவல் 2007-இல் ஓர் இரவில், வெள்ளை மாளிகைப் படுக்கையறையில் தொடங்குகிறது. ஜனாதிபதி நன்றாகத் தூங்குகிறார். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டே பக்கத்தில் அந்த அறையை விட்டு வெளியேறி, ரைலி என்ற விஸ்கான்சின் சிற்றூருக்குக் கதை போய்விடுகிறது. டெக்சாஸை எடுத்துவிட்டு விஸ்கான்சினை வைத்திருக்கிறார் சிட்டன்ஃபெல்ட். எங்கள் கூட்டம் இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம், உள்ளூர்ப் பெருமை. ரைலியில் ஆலிஸ் ஒற்றைப் பிள்ளை. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி. இந்தப் பாட்டி ஒரு வேலை செய்ய மாட்டாள். சிகரெட் பிடித்துக்கொண்டு நாவல் படிப்பாள். மருமகள் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நாவலுக்குப் போய்விடுவாள். அந்தப் பாட்டி வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புஷ்ஷாவது மண்ணாவது, இந்தக் கிழவி என்ன செய்கிறாள் பார்ப்போம் என்றாகிவிட்டது.

பதினேழு வயதில் ஆலிஸ் காரோட்டிப் போகிறாள். குறுக்குச் சாலையில் நிறுத்தப் பலகையைக் கவனிக்காமல் போய் இன்னொரு கார்மேல் மோதுகிறாள். அந்தக் காரில் இருந்தவன் இறந்துபோகிறான். அவளுக்குப் பிடித்தமான பையன் அவன். இது நிஜத்தில் நடந்ததைத் தழுவியது. 1963 நவம்பரில் டெக்சாஸின் மிட்லண்ட் ஊருக்கு வெளியே, பதினேழு வயது லாராவின் கார் மோதி அவர் பள்ளித் தோழர் ஒருவர் இறந்தார். நாவலாசிரியை இதை வைத்து வித்தை காட்டவில்லை. விபத்து சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆலிஸ் எந்தச் சந்தோஷத்தையும் கொஞ்சம் தள்ளி நின்றே வாங்கிக்கொள்கிறாள். தனக்கு இது உரியதுதானா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள். அந்தப் பழக்கம் அவளைக் கடைசி வரை விடுவதில்லை. ஊருக்குக் கேட்கும்படி ஒரு கருத்தும் சொல்லாத பெண் எப்படி உருவாகிறாள் என்பதற்கு இதைவிட நம்பும்படியான விளக்கத்தை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

1977 கோடையில் அவளுக்கு முப்பத்தொரு வயது. மாடிசன் நகரில் ஆரம்பப் பள்ளி நூலகர். சொந்தமாக வீடு வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். விடுமுறை முழுக்க, குழந்தைகளின் கதைகளில் வரும் பாத்திரங்களைக் காகிதக் கூழில் பெரிய பொம்மைகளாகச் செய்துகொண்டிருக்கிறாள், பள்ளி திறந்ததும் நூலகத்தில் வைப்பதற்கு. கையெல்லாம் பசை. அப்படியிருக்கும்போது ஒரு விருந்தில் சார்லி பிளாக்வெல் வந்து சேர்கிறான். முன்னாள் கவர்னர் மகன். இறைச்சி வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பம். தேர்தலில் நிற்கப் போகிறான். எதற்காக நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் பேச்சில் கெட்டிக்காரன். அவளை ‘லிண்டி’ என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். அவன் அடிக்கிற அசட்டு ஜோக்குக்கு அவள் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். அதுதான் சங்கடம். தட்டி பிடித்த கை, யுத்தத்தைத் தொடங்கப்போகிறவனின் ஜோக்குக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறது. நிஜத்தில் ஜார்ஜும் லாராவும் அதே 1977-இல் சந்தித்து மூன்றே மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அரசியல் மேடையில் நீ பேசவே வேண்டியிருக்காது என்று அவர் கொடுத்த வாக்கு அடுத்த வருஷமே, டெக்சாஸில் ஒரு சிற்றூர் நீதிமன்றப் படிக்கட்டில் காற்றில் போனது. புஷ் கொடுத்த தேர்தல் வாக்குறுதிகளில் முதலில் பொய்த்தது அதுதான்.

நாவலின் உச்சம் என்று நான் சொல்வது வெள்ளை மாளிகையை அல்ல, ஹால்சியனை. டோர் கவுண்டியில், ஏரிக்கரையில் பிளாக்வெல் குடும்பத்தின் கோடைக்கால இருப்பிடம். சார்லி அவளை முதன்முறையாக அங்கே கூட்டிப் போகிறான். பணக்கார வீடு என்று போனால் ஓட்டை உடைசல் நாற்காலி, நைந்த துண்டு. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே ஒரு குளியலறை. பணம் இருப்பவர்களுக்குத்தான் அதைக் காட்டாமல் இருக்க வசதியிருக்கிறது என்று ஆலிஸுக்குப் புரிகிறது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஜோக், எல்லோருக்கும் தெரிந்த பட்டப்பெயர், அவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. நடுவில் மாமியார் பிரிசில்லா. அவளை எல்லோரும் ‘மேஜ்’ என்கிறார்கள். மகாராணியைக் கூப்பிடும் ‘மெஜஸ்டி’யின் சுருக்கம். கேட்ட கேள்விக்கெல்லாம் தேன் தடவின குத்தல். மேஜ் ஆலிஸை மேலும் கீழும் பார்க்கும் இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புகுந்த வீட்டில் முதல் ஆடிக்குப் போன தமிழ்ப் பெண்ணுக்கு அடிக்குறிப்பே தேவைப்படாத பக்கங்கள் அவை. நாத்தனார் வகையறா, ஓரகத்திகளின் அரசியல், யார் தட்டு கழுவுவது, யார் கழுவுவதாகப் பாவனை செய்வது, எல்லாம் இருக்கிறது. காபி டபராவும் வெற்றிலைத் தட்டும்தான் இல்லை.

மூன்றாம் பகுதியில் சார்லி குடிக்கிறான். வேலை வெட்டி சரியில்லை. அவனுக்குத் தன் பெயர் வரலாற்றில் நிற்குமா என்ற கவலை வேறு. ஆலிஸ் மகளைக் கூட்டிக்கொண்டு ரைலிக்குப் போய்விடுகிறாள். விட்டுவிட்டால் நாவல் அங்கேயே முடிந்துவிடும், உலகத்துக்கும் நல்லது. அவன் கர்த்தரைக் கண்டடைந்து குடியை விடுகிறான், அவள் திரும்பி வருகிறாள். நிஜ புஷ்ஷும் 1986-இல், நாற்பதாவது பிறந்தநாளோடு குடியை விட்டவர்.

ஜனவரிக் கூட்டத்தில் இதைத்தான் பெரும்பாலும் பேசினார்கள். அவள் திரும்பி வந்திருக்கலாமா கூடாதா? ஒருவருக்கொருவர் குரலை உயர்த்தாமல், ஆனால் கடுமையாக வாதாடினார்கள். பாட்டியம்மாள் ஒருவர் சொன்னார்: “கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ரிபப்ளிகன், நான் டெமாக்ரட். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே காரில் போய், ஒருவர் ஓட்டை மற்றவர் ரத்து செய்துவிட்டு, வரும் வழியில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவோம்.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் எப்படி என்றார்கள். எங்கள் ஊரில் யாருக்குப் போட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவர் சொல்வார், சரி என்று தலையாட்டிவிட்டுப் பெண்கள் வேறு எதற்கோ போட்டுவிட்டு வருவார்கள் என்றேன். கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆலிஸும் அதே ரகம்தான். கணவனை எதிர்த்து நின்றவருக்கே தான் வாக்களித்ததாகக் கடைசியில் நம்மிடம் சொல்கிறாள். சொல்லிவிட்டு, நான் செய்ததெல்லாம் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதுதான், அவருக்கு அதிகாரம் கொடுத்தது நீங்கள்தானே என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்கிறாள். அரங்கில் இரண்டு ரிபப்ளிகன் பெண்மணிகள் சீஸ் தட்டை ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். எனக்கு அந்த நாட்டில் ஓட்டும் இல்லை, நான் கட்டிக்கொண்டதும் அந்த ஆளை இல்லை. ஆகவே இரண்டு கணக்கிலும் சேராமல் நிம்மதியாக பிஸ்கட் சாப்பிட்டேன்.

அது அப்போது.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. 2015 மே மாதத்தில், கிரீன் கார்டுக்குக் காத்திருப்போரின் எச்-4 மனைவிமாருக்கு வேலை அனுமதி வந்தது. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சேர்ந்தேன். பொங்கல் விழாவில் இப்போதும் “சார் எந்த கம்பெனி?” என்றுதான் கேட்கிறார்கள். அது தனிக்கதை. 2025 கோடையில் என் மகள், பதின்வயதின் பாதியில் இருப்பவள், நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் ஒரு டாலருக்கு ‘அமெரிக்கன் ஒய்ஃப்’பை வாங்கி வந்தாள். இந்த ஜனாதிபதி நிஜத்தில் யாரம்மா என்றாள். சொன்னேன்.

“அந்தத் தாத்தாவா? நாய்க்குட்டி எல்லாம் பெயிண்ட் பண்ணுவாரே, அவரா? மிஷெல் ஒபாமாவுக்கு மிட்டாய் குடுத்தவர்தானே? பாவம்மா, நல்லவரு.”

தட்டி பிடித்த வெயில், குவிந்த கவிதைகள், 2008 டிசம்பரில் பாக்தாதில் புஷ் மேல் பறந்த இரண்டு ஷூக்கள் எல்லாம் சேர்ந்து கடைசியில் இந்த மதிப்பெண்ணில் வந்து நிற்கிறது: நல்லவரு. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும், அன்றைக்கு அவரைக் கொலைகாரர் என்ற அதே ஆட்கள், “என்ன இருந்தாலும் புஷ் ஒரு மனுஷன்ப்பா” என்று பெருமூச்சு விடுகிறார்கள். பின்னால் வந்தவர்கள் செய்துகொடுத்த உபகாரம். மகளுக்கு ஈராக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். “சரி சரி, கதையைச் சொல்லிடாத” என்று புத்தகத்தோடு போய்விட்டாள்.

மிட்டாய் விஷயத்தில் ஒரு திருத்தம் வேண்டும். 2018 செப்டம்பரில் செனட்டர் மெக்கெயினின் இறுதிச் சடங்கு. புஷ் பக்கத்தில் இருந்த மிஷெலுக்கு ரகசியமாக ஒரு இருமல் மிட்டாயைக் கொடுத்தார்; உலகமே உருகியது. அந்த ஒளிப்பதிவைக் கவனமாகப் பாருங்கள். மிட்டாய் வருவது லாராவின் கையிலிருந்து. அவர் கொடுக்க, இவர் வாங்கிக் கைமாற்றுகிறார். பெயர் இவருக்கு. சிட்டன்ஃபெல்ட் 550 பக்கத்தில் சொன்னதை அந்த அம்மாள் அரை நிமிஷத்தில், ஒரு வார்த்தை பேசாமல் நடித்துக் காட்டிவிட்டார்.

பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010-இல் தன் நினைவுக்குறிப்பு வெளிவந்தபோது, அந்த 1963 விபத்தைப் பற்றி எழுதினார். அதை ஒட்டிய தொலைக்காட்சிப் பேட்டியில், தன்பாலினத்தவர் திருமணத்துக்கும் கருக்கலைப்பு சட்டப்படி நீடிப்பதற்கும் தன் ஆதரவைச் சொன்னார். கணவரின் கட்சி இரண்டையும் எதிர்த்தது. கணவர் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2018 ஜூனில் எல்லையில் அகதிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததைக் கொடுமை என்று பத்திரிகையில் எழுதினார். அருமையான கட்டுரை. அப்போது ஜனாதிபதி வேறொருவர். நேரம் பார்த்துப் பேசுவதில் அந்த அம்மாள் பஞ்சாங்கத்தையே மிஞ்சியவர்.

மகள் படித்து முடித்து மேஜையில் போட்டதும் நான் மறுபடி எடுத்தேன். ஹால்சியன் அப்படியேதான் இருந்தது, மேஜ் இன்னும் கூர்மையாகியிருந்தாள். எனக்கே இப்போது மாமியாராகும் யோகம் தூரத்தில் தெரிவதாலோ என்னவோ. அன்றைக்கு வேகமாகப் புரட்டிய ஒரு பகுதியில்தான் இந்த முறை நின்றுவிட்டேன். விபத்துக்குப் பிறகு, துக்கத்தின் குழப்பத்தில், ஆலிஸ் கர்ப்பமாகிவிடுகிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. நாவல் படித்துக்கொண்டு சும்மா இருந்தாளே, அந்தப் பாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. சிகாகோவில் இருக்கும் தன் சிநேகிதியான டாக்டர் கிளாடிஸிடம் பேத்தியைக் கூட்டிப் போகிறாள். அப்போது கருக்கலைப்பு குற்றம். பாட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. காரியம் முடிகிறது. நாற்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து, உச்ச நீதிமன்றத்துக்குப் புது நீதிபதியை நியமிக்கும் நேரத்தில், நூறு வயது கடந்த அதே டாக்டர், கருக்கலைப்பு உரிமைக்காக நீ வாய் திறக்காவிட்டால் உன் ரகசியத்தை வெளியே சொல்வேன் என்கிறாள். இந்தக் கர்ப்பக் கதை முழுக்கக் கற்பனை. லாராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2009-இல் எங்கள் கூட்டத்தில், இது கொஞ்சம் சினிமாத்தனம் என்றோம். அந்த உரிமைக்கு இனிமேல் யார் என்ன செய்துவிட முடியும் என்றே எல்லோரும் பேசினார்கள்.

2022 ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ. அவரை 2006-இல் நியமித்தவர் பெயிண்டிங் தாத்தா. விஸ்கான்சினில் 1849-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சமாதியிலிருந்து எழுந்து வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல், 2023 செப்டம்பர் வரை, மாநிலத்தில் கருக்கலைப்பு கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. இங்கிருந்த பெண்கள் எல்லை தாண்டி இல்லினாய் மாநிலத்துக்குப் போனார்கள். மில்வாக்கியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆலிஸும் பாட்டியும் போன அதே திசை. 2025 ஜூலையில்தான் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய சட்டம் செல்லாது என்றது, நாலுக்கு மூன்று என்ற கணக்கில். சினிமாத்தனம் என்று நாங்கள் சொன்ன பக்கங்கள் உள்ளூர்ச் செய்தித்தாளைப் போல ஆகிவிட்டிருந்தன. காபூலில் என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பி வந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி கிடையாது. லாராவின் வானொலி உரை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நாவலின் கடைசிப் பகுதி, வெள்ளை மாளிகைப் பகுதி, அன்றைக்கும் எனக்குச் சுமார்தான், இன்றைக்கும் சுமார்தான். மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு தகப்பன் ஜனாதிபதியைப் பார்க்க வேண்டும் என்று வாஷிங்டனில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். 2005 ஆகஸ்டில், ஈராக்கில் மகனை இழந்த சிண்டி ஷீஹான், புஷ்ஷின் டெக்சாஸ் பண்ணைக்கு வெளியே கூடாரம் போட்டதைத் தழுவியது. நாவலில் ஆலிஸ் அந்தத் தகப்பனைப் போய்ப் பார்க்கிறாள், மனதில் இருப்பதைச் சொல்கிறாள். சிட்டன்ஃபெல்ட் இங்கே ரசிகையாகிவிட்டார். லாரா செய்திருக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதை ஆலிஸை விட்டுச் செய்யவைத்திருக்கிறார். இரண்டாம் பகுதியில் கையெல்லாம் பசையோடு நின்றவளுக்கு எந்த நியாயமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலாம் பகுதி ஆலிஸ் பக்கம் பக்கமாக நியாயம் சொல்கிறாள். அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் வசனம் நீண்டுவிடும் போலிருக்கிறது. 2020-இல் இதே ஆசிரியை, ஹிலாரி, கிளின்டனைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்று ‘ரோட்ஹம்’ நாவலை எழுதினார். படித்தேன். அதில் மேஜ் மாதிரி ஒருத்தியும் இல்லை.

மகளிடம் எப்படி இருந்தது என்றேன். “பாட்டி சூப்பர். ஆலிஸ் ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்கறா? எனக்குக் கடுப்பா இருந்துச்சு. ஆனா கீழ வெக்க முடியல” என்றாள். எனக்கும் அதேதான் ஆனது. லாரா புஷ் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கலில் ஒரு வரியைக்கூட இந்த நாவல் அழிக்கவில்லை. இரண்டு முறையும் ராத்திரி ஒரு மணி வரை கண்விழிக்க மட்டும் வைத்தது.

இதைத் தமிழில் எழுதக்கூடியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கதைகளில் அரசியல்வாதி நிறைய உண்டு. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். உள்ளே போய் என்ன செய்கிறார் என்று யாராவது எழுதுங்கள். விஷயம் கிடைக்காது என்று சொல்ல முடியாது. வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26-இல், மனைவி பெயரில் எத்தனை நிலம், எத்தனை கிராம் தங்கம், எந்த வங்கியில் எவ்வளவு கடன் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மாமியார் பாத்திரத்துக்கு மட்டும் ஆவணம் தேவைப்படாது.